பாதியில் நின்ற திரை

ஜனவரி 28

ஓசூரிலிருந்து வேலை உத்தரவு வந்துவிட்டது. மோட்டார்களை இயக்கும் போர்டுகள் செய்கிற கம்பெனி. மார்ச் மூன்றாம் தேதி சேர வேண்டும். வரும்போது அசல் சான்றிதழ்களைத் தவறாமல் கொண்டுவரவும் என்று கடைசி வரியில் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்ததும் வந்த சந்தோஷத்தில் பாதி போய்விட்டது.

என் சான்றிதழ்கள் என்னிடம் இல்லை. பத்தாம் வகுப்பிலிருந்து எம்.இ. வரை அத்தனையும் இந்தக் கல்லூரி ஆபீசில், ஒரு இரும்புப் பீரோவில் இருக்கின்றன. வேலைக்குச் சேர்ந்த அன்று, "சரிபாத்துட்டுத் தந்துருவோம்மா" என்று வாங்கி வைத்தார்கள். நான்கு வருடமாகச் சரிபார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். இங்கே பாடம் நடத்தும் எல்லோருக்கும் இதே கதைதான். ஆட்டைக் கட்டக் கயிறு, வாத்தியாரைக் கட்ட மார்க் ஷீட்.

எஸ்தரிடம் மட்டும் சொன்னேன். அவளும் என் துறைதான், என் அறைதான். பெண்கள் ஹாஸ்டலில் நாங்கள் இருவரும் துணை வார்டன்கள். கோவில்பட்டியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, நாற்கரச் சாலையை ஒட்டி, சுற்றிலும் பருத்திக்காடு. கேட்டில் கையெழுத்துப் போடாமல் வெளியே ஒரு டீ குடிக்க முடியாது.

"சந்தோசமா இருக்குட்டி," என்றாள் எஸ்தர். "ஆனா தருவாங்களா?"

அவள் புருஷன் மஸ்கட்டில் இருக்கிறார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கும் வேலை தயாராக இருந்தது. அசல் கேட்டார்கள். இவளால் கொடுக்க முடியவில்லை. அந்த வேலை போயே போய்விட்டது. பிள்ளை தூத்துக்குடியில் அவள் அம்மாவிடம் வளர்கிறது.


ஜனவரி 30

தாளாளரைப் பார்த்தேன். கரஸ்பாண்டென்ட் என்பதைச் சுருக்கி நாங்கள் 'கரஸ்' என்று சொல்லுவோம், அவர் காதில் விழாமல். ராஜினாமாவை நீட்டினேன். அவர் அதை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மேஜைக் கண்ணாடி மேல் அப்படியே கிடந்தது.

"இது ஒரு குடும்பம்மா. குடும்பத்துல இருந்து யாராவது ராஜினாமா குடுப்பாங்களா?" என்றார். பிறகு காபி வரவழைத்தார். காபி வந்தாலே ஏதோ வேலை வருகிறது என்று அர்த்தம்.

பிப்ரவரி இருபத்தொன்றாம் தேதி புதுக் கட்டடத் திறப்பு விழா. சென்னையிலிருந்து பெரிய தொழிலதிபர் ஒருவர் வருகிறாராம். "போன வருசம் கல்வெட்டுத் திறக்கையில என்ன ஆச்சு? கயித்த இழுத்ததுல திரையோட கம்பியும் சேந்து வந்து விருந்தாளி மண்டைல விழுந்துச்சு. எஞ்சினியரிங் காலேஜ்னு போர்டு வச்சுக்கிட்டுக் கயிறு இழுக்குதோம். நீ ஒரு மெசின் செய்யி. அவரு ஒரு பட்டன அமுக்கணும். திரை தானா மேல ஏறணும். ஏறி முடிச்சதும் அவரு தலைல பூ கொட்டணும்."

"செஞ்சா சர்டிபிகேட் தந்துருவீங்களா சார்?"

"விழா நல்லபடியா முடியட்டும். நானே என் கையால தாரேன்."

வெளியே வந்து எஸ்தரிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வார்த்தை கொடுத்திருக்கிறார், பார்க்கலாம்.


பிப்ரவரி 1

துணி துவைத்தேன். தண்ணீர் நூல்போல வந்தது. மெஸ்ஸில் உப்புமா.


பிப்ரவரி 4

லேப்பில் வேலை ஆரம்பம். திரைக்கு டிசி மோட்டார், பூத்தட்டுக்கு ஸ்டெப்பர் மோட்டார், இரண்டையும் மேய்க்க ஒரு மைக்ரோகண்ட்ரோலர். இரண்டாம் வருடப் பிள்ளைகள் செய்கிற பயிற்சியைக் கொஞ்சம் பெரிதாகச் செய்வதுதான்.

நான்கு வருடமாகக் கரும்பலகையில் இதே படத்தைப் போட்டு, இதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். டிசி மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தால் சுற்றும். பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தால் மறுபக்கம் சுற்றும். நிறுத்தச் சொல்லாவிட்டால் எதிலாவது முட்டி எரிகிறவரை சுற்றும். அதனால் திரை உச்சிக்குப் போய்த் தொட்டதும் தகவல் சொல்ல அங்கே ஒரு லிமிட் சுவிட்ச் வைக்க வேண்டும். ஸ்டெப்பர் வேறு ரகம். ஓர் எட்டு, ஓர் எட்டு என்று வைத்து நகரும். இத்தனை எட்டு என்று சொன்னால் அத்தனையும் வைத்துவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

இன்று அது சாக்பீஸ் கோடாக இல்லாமல் மேஜை மேல் சுற்றியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதைச் செய்யத்தானே படித்தேன். ஓசூரில் தினமும் இதுதான் வேலை என்று நினைத்துக்கொண்டு இன்னொரு தடவை சுற்றவிட்டேன்.


பிப்ரவரி 7

திரை பாதி ஏறும்போது சுவிட்சை அணைத்துப் பார்த்தேன். திரை தன் கனத்துக்கு மோட்டாரையே பின்னால் சுற்றிக்கொண்டு கீழே விழுந்துவிட்டது. விழாவன்று ஒரு நொடி கரண்ட் போனால் சந்தி சிரித்துவிடும்.

எலக்ட்ரிசியன் மாடக்கண்ணுவை அனுப்பி, பழைய இரும்புக் கடையிலிருந்து லாரி வைப்பர் மோட்டார் ஒன்று வாங்கிவரச் சொன்னேன். அதற்குள் வார்ம் கியர் இருக்கிறது, திருகு மாதிரி. மோட்டார் சுற்றினால் திரை நகரும். ஆனால் திரையைப் பிடித்து எவ்வளவு இழுத்தாலும் மோட்டார் அசையாது. எஸ்தரும் நானும் சேர்ந்து தொங்கிப் பார்த்தோம். ம்ஹூம்.

"நம்ம காலேஜ் மாதிரியே இருக்கே," என்றாள் எஸ்தர். "அவங்க சுத்துனா நாம போவோம். நாம இழுத்தா ஒண்ணும் அசையாது."


பிப்ரவரி 9

அம்மா போன். ஓசூர் குளிருமாமே, கம்பளி வாங்கிக்கொள் என்றாள். சான்றிதழ் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் சங்கரன்கோவிலிலிருந்து கிளம்பி வந்து கேட்டில் நிற்பாள்.

வார்டன் அறைச் சோதனை. மாணவிகள் அறையோடு எங்கள் அறையும் உண்டு. வார்டன் கரஸ்ஸின் மைத்துனி. என் மேஜை இழுப்பறை வரை பார்த்துவிட்டு, "டைரியெல்லாம் எழுதுவீங்களா மேடம்? நல்ல பழக்கம்," என்றார். நல்ல பழக்கம்தான்.


பிப்ரவரி 11

இன்றுதான் நிஜப் பூவை வைத்துப் பார்த்தோம். இதுவரை கிழித்த காகிதத்தைத் தட்டில் போட்டுச் சோதித்தோம், அழகாகக் கொட்டியது. பூக்காரம்மா கொடுத்தனுப்பிய ரோஜா இதழும் சாமந்தியும் அப்படியில்லை. நம் ஊரில் எந்தப் பூக்காரி தண்ணீர் தெளிக்காமல் பூவைக் கொடுத்திருக்கிறாள்? ஈரச் சாக்கில் சுற்றி, மேலே இன்னொரு கை தண்ணீர் அள்ளித் தெளித்து அனுப்பியிருந்தாள். தட்டு இரண்டு மடங்கு கனம். ஸ்டெப்பர் நின்ற இடத்திலேயே கடகடவென்று உதறியது, தட்டு சாயவே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், புரோகிராமைப் பொறுத்தவரை எல்லாம் முடிந்துவிட்டது. ஸ்டெப்பருக்குக் கண் கிடையாது. சொன்ன எண்ணிக்கையை எண்ணி முடித்துவிட்டு, வந்து சேர்ந்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளும். எனக்கு எங்கள் துறை வானமாமலை சார் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு மே மாதமும் சான்றிதழைத் தந்துவிடுவார்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்கிறார். தலை நரைத்துவிட்டது.

வேகத்தைக் குறைத்து, ஸ்டெப்பரை இயக்கும் டிரைவர் போர்டில் கரண்டைக் கூட்டி, தட்டின் அடியில் ஓட்டை போட்டோம். இப்போது ஈரப் பூவோடும் சாய்கிறது. ஆனால் ஓட்டை வழியாகத் தண்ணீர் சொட்டுகிறது, கீழேதான் போர்டு. எஸ்தர் தன் டிபன் டப்பாவைத் தியாகம் செய்தாள். போர்டை அதற்குள் வைத்து மூடி, ஓரமெல்லாம் டேப் ஒட்டி, மேலே ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினோம். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"இனி நா சோத்த எதுலட்டி கொண்டு போவேன்?" என்றாள். ஓசூரில் முதல் சம்பளத்தில் புது டப்பா வாங்கி அனுப்புகிறேன் என்றேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. உடனே சரியாகிவிட்டது.


பிப்ரவரி 15

கரஸ் வந்து பார்த்தார். பட்டனை அவரே அமுக்கினார். திரை ஏறியது, பூ கொட்டியது. குழந்தை மாதிரி கைதட்டினார். மறுபடி, மறுபடி என்று நாலைந்து தடவை அமுக்கினார். தலையில் ஒட்டிய சாமந்தியைக்கூடத் தட்டிவிடாமல் நின்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

பிறகு அச்சகத்திலிருந்து வந்த விழா மலரைக் காட்டினார். கடைசிப் பக்கத்தில், புதுக் கட்டடத்தில் தொடங்கவிருக்கும் ரோபோடிக்ஸ் மையம். தலைவர்: செல்வி ச. மங்கையர்க்கரசி, எம்.இ. பக்கத்தில் என் போட்டோ. அடையாள அட்டைக்கு எடுத்தது, திருடி மாதிரி முழித்துக்கொண்டிருக்கிறேன்.

"எப்படி?" என்றார். "ஒன்ன மாதிரி பிள்ளைய வெளிய விட்டுட்டு நா என்ன செய்ய? மேடைல வச்சுப் பொன்னாடை போத்துதேன்."

"சார், நான் மார்ச் மூணாம் தேதி ஓசூர்ல..."

"அதெல்லாம் பாத்துக்கிடலாம்மா."

நடந்து ஹாஸ்டலுக்கு வந்தேன். மெசின் ஓடாவிட்டால் கோபத்தில் தர மாட்டார். ஓடிவிட்டால் ஆசையில் தர மாட்டார். இதை நான் முப்பதாம் தேதியே யோசித்திருக்க வேண்டும். எம்.இ. படித்து என்ன பிரயோஜனம்.


பிப்ரவரி 16

ஞாயிறு. தலை குளித்தேன். சாப்பிடப் போகவில்லை.


பிப்ரவரி 17

மறுபடி போய்க் கேட்டேன். உட்காரக்கூடச் சொல்லாமல் பேசினார். மே மாதம் வரை பொறு என்றார். எந்த வருட மே என்று கேட்டேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"சர்டிபிகேட் என் பீரோல பத்திரமா இருக்கும்மா. ஒங்க வீட்ல இருந்தா கரையான் அரிச்சிரும்."

வரும் வழியில் வானமாமலை சார் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "பழகிரும் மேடம்," என்றார். எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. பாவம், அவர் என்ன செய்தார்? எனக்கு அவ்வளவு பயம் வந்துவிட்டது, அவ்வளவுதான். இந்த வராந்தாவிலேயே நரைத்துப்போய், புதிதாக வருகிற பெண் ஒருத்தியிடம் பழகிரும் என்று சொல்லிக்கொண்டு நிற்பேனோ என்கிற பயம்.


பிப்ரவரி 18

புரோகிராமில் சின்னச் சின்னத் திருத்தங்கள். எஸ்தர் உதவுகிறேன் என்றாள். வேண்டாம், நீ போய் இன்டர்னல் பேப்பரைத் திருத்து என்று அனுப்பிவிட்டேன்.

கரஸ் மாடக்கண்ணுவிடம் எதற்கும் ஒரு கயிறு கட்டி வைக்கச் சொன்னாராம், மெசின் நின்றால் இழுத்துக்கொள்ள. மாடக்கண்ணு கட்டியும்விட்டார். கயிறு இருந்தால் மோட்டாருக்கு இடைஞ்சல், திரை சிக்கிக்கொள்ளும் என்று சொல்லி அவிழ்க்கச் சொன்னேன். எப்படியும் இந்தக் கியரோடு இழுக்க முடியாது. அதை அவரிடம் சொல்லவில்லை, சொல்ல நேரமில்லை.


பிப்ரவரி 20

ஒத்திகை. மெசினின் பேட்டரியை நேற்றே முழுசாகச் சார்ஜ் போட்டிருந்தேன். நான் பின்னால் போர்டு இருக்கும் டப்பா பக்கத்திலேயே நின்றேன். ஒரு தடங்கலும் இல்லை.

பச்சைப் பட்டுப்புடவையை இஸ்திரி போட்டேன். பெட்டியில் துணிகளை அடுக்கினேன். சும்மா, அலமாரி ஒழுங்காக இருக்கட்டும் என்று.


பிப்ரவரி 21

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்தரை மணிக்கு விருந்தாளி வந்தார். நாதஸ்வரம், பூர்ணகும்பம், பிள்ளைகள் இரு பக்கமும் வெயிலில். கல்வெட்டுக்கு முன்னால் எங்கள் திரை, ஊதா நிறச் சாட்டின். அதன் பின்னால் தடுப்புத் தட்டிக்கு அந்தப் பக்கம் நானும், பூக்கூடையோடு எஸ்தரும், மாடக்கண்ணுவும். தட்டில் பூவை நிரப்பியாயிற்று. பூக்காரம்மா வழக்கம்போல் தாராளமாகத் தண்ணீர் தெளித்திருந்தாள்.

விருந்தாளி பட்டனை அமுக்கினார். திரை ஏற ஆரம்பித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பாதி ஏறியதும் நின்றுவிட்டது.

பூத்தட்டிலிருந்து தண்ணீர் சொட்டி டப்பாவுக்குள் இறங்கியிருக்க வேண்டும். அப்படித்தான் இருக்கும். எனக்குத் தெரிந்து வேறு காரணம் இல்லை.

கல்வெட்டில் விருந்தாளி பெயர் மேலே. கரஸ் பெயர் அதற்கும் மேலே. வெளியே தெரிந்தது கடைசி வரி மட்டும்: 'கட்டுமானம்: கே. பேச்சிமுத்து, ஒப்பந்தக்காரர்.' போட்டோக்காரர்கள் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சிமுத்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார், அவர் மட்டும் கைதட்டினார். விருந்தாளி இன்னொரு தடவை பட்டனை அமுக்கினார். பிறகு மேலே பார்த்துக்கொண்டு நின்றார், எப்போது பூ விழும் என்று.

மாடக்கண்ணு ஓடிப்போய்த் திரையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. தொகுப்புரை சொல்லும் தமிழாசிரியர் குமரகுருபரன் சார் நிலைமையைப் புரிந்துகொண்டு, பொறுமையின் பெருமை பற்றி மைக்கில் பேச ஆரம்பித்தார். அவருக்கு ஆரம்பிக்கத்தான் தெரியும், முடிக்கத் தெரியாது. நல்லவேளை.

கரஸ் தட்டிக்குப் பின்னால் வந்தார். முகமெல்லாம் வேர்வை.

"என்னம்மா ஆச்சு?"

"தண்ணி இறங்கிருச்சு போல சார். திறந்து பாக்கணும்."

"பாரு, பாரு, சீக்கிரம் பாரு."

"கை நடுங்குது சார்."

"ஏன், என்னா?"

"சர்டிபிகேட் நெனப்பாவே இருக்கு சார். அது மட்டும் கைல இருந்தா நிதானமா பாத்துருவேன்."

அவர் என்னைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் என்னை நேராகப் பார்த்தது இன்றுதான் என்று நினைக்கிறேன். தட்டிக்கு அந்தப் பக்கம் கூட்டத்தில் சலசலப்பு. யாரோ பையன் விசில் அடித்தான். நான் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"விழா முடியட்டும்மா," என்றார் மெதுவாக.

"முடியாது போல இருக்கே சார்."

அவர் பல்லைக் கடித்தார். ஆபீஸ் சூப்பிரண்டைக் கூப்பிட்டு, இடுப்பிலிருந்த சாவியை எடுத்து எறிந்தார். "ஓடு. இவ கவர எடுத்துட்டு வா." சூப்பிரண்டு அந்தத் தொந்தியோடு அப்படி ஓடுவார் என்று நான் நினைத்ததே இல்லை. குமரகுருபரன் சார் பொறுமையை முடித்துவிட்டு விடாமுயற்சிக்கு வந்திருந்தார். நாதஸ்வரக்காரர்கள் தாங்களாகவே இன்னொரு உருப்படியை எடுத்துக்கொண்டார்கள்.

கவர் வந்தது. பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பத்து, பன்னிரண்டு, பி.இ., எம்.இ., எல்லாம் இருந்தது. என் பெயரை அத்தனை நாள் கழித்துப் பார்த்ததில் எழுத்தெல்லாம் மங்கித் தெரிந்தது. எழுத்து மங்கவில்லை, என் கண்ணில் தண்ணீர்.

கவரை எஸ்தரின் பூக்கூடையில் வைத்துவிட்டு, டப்பாவைத் திறந்து, முந்தானையால் போர்டைத் துடைத்தேன். எஸ்தர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால், டப்பா ஓரத்தில் சோதனைக்கென்று வைத்திருந்த பட்டனை அமுக்கினேன். திரை ஏறியது. விருந்தாளி பெயர் வந்தது, கரஸ் பெயர் வந்தது. மேலே போய்த் தொட்டு நின்றது. தட்டு சாய்ந்தது, மொத்தப் பூவும் விருந்தாளி தலையில் இறங்கியது. அவ்வளவு ஈரமாக இருந்திருக்க வேண்டாம்.

பொன்னாடை கிடைக்கவில்லை.


பிப்ரவரி 22, பஸ்ஸில்

நேற்றே கிளம்பிவிட்டேன். எஸ்தர் என் பெட்டியைக் கேட் வரைக்கும் தூக்கி வந்தாள். பஸ் வந்ததும், "சாப்புட்டுக்கோ," என்றாள். அவ்வளவுதான்.

மதுரை தாண்டும் வரை நான் ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தேன். மடியில் கவர். பக்கத்து சீட்டு அம்மா என்ன படம் என்று கேட்டார், எக்ஸ்ரே என்று நினைத்துக்கொண்டு. அப்புறம்தான் உறைத்தது. பீரோ திறந்திருந்தது. சாவி சூப்பிரண்டு கையில். கரஸ் அந்த நிமிஷம் எதைக் கேட்டாலும் கொடுத்திருப்பார். எஸ்தர் என் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், அவள் கூடையில் நான் என் கவரை வைத்தேன். அவளுடையதையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை.

எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.


மார்ச் 3

சேர்ந்துவிட்டேன். அசலைப் பார்த்துவிட்டு அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் நம்பாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். "இன்னும் என்ன மேடம்?" என்று கேட்டார்கள்.


மார்ச் 8

எஸ்தர் போன் எடுக்கவில்லை. செய்தி அனுப்பினால் நீலக் கோடு வருகிறது, பதில் வரவில்லை. வானமாமலை சாரைக் கூப்பிட்டேன். ரோபோடிக்ஸ் மையத்துக்கு இப்போது எஸ்தர்தான் தலைவராம். மெசினை இயக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்தியாம். விழா மலரில் என் படத்தின் மேல் அவள் படத்தை ஒட்டிக் கொடுக்கிறார்களாம். இனி அவளைத் தாளாளர் எங்கும் அனுப்ப மாட்டார் என்று அவரே சந்தோஷமாகச் சொன்னார்.

என் இடத்தில் அவளை உட்கார வைத்துவிட்டு நான் வந்திருக்கிறேன். நன்றாகத் தூங்க முடியவில்லை. ஓசூர் குளிரைச் சொல்லிக்கொள்கிறேன்.


மார்ச் 12

புது டிபன் டப்பா வாங்கி அனுப்பினேன்.


மார்ச் 19

மத்தியானம் கேன்டீனில் இருக்கும்போது எஸ்தர் கூப்பிட்டாள். தட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினேன்.

"டப்பா வந்துச்சு," என்றாள்.

"எஸ்தர், அன்னைக்கு நா..."

"அத விடு. ஒரு சந்தேகம் கேக்கணும். அடுத்த மாசம் பட்டமளிப்பு விழா. அதுக்கும் நம்ம மெசின்தான், கரஸ் சொல்லிட்டாரு. ஒம் புரோகிராமத் திறந்து பாத்துக்கிட்டிருக்கேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"திரை பாதி ஏறுனதும் மோட்டார நிறுத்து, பின்னால இருக்க பட்டன அமுக்குத வரைக்கும் காத்திருன்னு ஒரு வரி இருக்கு. பதினெட்டாம் தேதி போட்டிருக்க."

அந்த வரியைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. இந்த டைரியிடம்கூடச் சொல்லவில்லை. கடைசியில், "ஆமா," என்றேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டி. போர்டு காஞ்சு கெடந்துச்சு. காஞ்ச போர்ட அந்தத் துடை துடைச்சியே."

"ஒன்னுதயும் கேட்டிருக்கணும். எனக்குத் தோணல, எஸ்தர். சத்தியமா தோணல."

"தெரியும். தோணியிருந்தா கேட்டிருப்ப. எனக்கு ஒம் மேல கோவம்தான், இல்லேங்கல. பத்து நாளு ஒம் பேரப் பாத்தாலே போன கவுத்து வச்சேன்." பின்னால் காலேஜ் மணி அடித்தது, அந்த ஓட்டை மணி. "அந்த வரிய எடுத்துரவா, வச்சுக்கிடவா? அதக் கேக்கத்தான் கூப்பிட்டேன்."

"வச்சுக்கோ," என்றேன்.

"வச்சுக்கிடுதேன். ஆனா நா எஞ் சர்டிபிகேட்ட மட்டும் கேக்க மாட்டேன், மங்கை. பீரோ சாவியக் கேப்பேன். வானமாமலை சாரத் தட்டிக்குப் பின்னால நிக்கச் சொல்லியிருக்கேன், ஓடுறதுக்கு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கயிறு கட்ட விடாதே என்றேன். பேட்டரியை முந்தின நாளே முழுசாகச் சார்ஜ் போட்டு வை என்றும் சொன்னேன்.